‘அதே டியூப் ஒன்று கொடுங்கள்’: தோலில் வரும் தொற்றுகளைப் புரிந்துகொள்ள

மாலை ஆறு மணிக்கு மேல் என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவராவது சட்டைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து நீட்டுவார். கடைசிச் சொட்டு பற்பசைக்காக மடிப்பதுபோல வாலிலிருந்து சுருட்டி, நசுங்கி, பெயர் பாதி அழிந்துபோன டியூப். “அதே ஒன்று கொடுங்கள் அண்ணே, போட்டால் உடனே கேட்கிறது.” எதற்கு என்று விசாரித்தால் குரல் இறங்கிவிடும். “அரிப்புக்கு.” எங்கே என்று கேட்டால் பதில் வராது, கண் மட்டும் ஒரு முறை கீழே போய் வரும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்தாளுநர் படிப்பு படித்தவன். தொடக்க காலத்தில் கேட்ட டியூபைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது, அது தோலில் என்ன செய்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கடன்தான் இந்தக் கட்டுரை.

தோலில் எது வந்தாலும் நம் மக்களிடம் அதற்கு மூன்று பெயர்கள்தான்: அரிப்பு, புண், அலர்ஜி. காரணம் கேட்டால் ஒரே சொல்: கிருமி. அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு சாதி உயிர்களைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். பூஞ்சை ஒன்று. பாக்டீரியா இன்னொன்று. வைரஸ் மூன்றாவது. நான்காவது, கிருமி என்று சொல்லவே முடியாத, எட்டுக் கால் உள்ள ஒரு சிற்றுண்ணி. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடக்கூடச் செய்யாது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கைப் படர்தாமரைக்குத் தின்றால் பூஞ்சைக்கு ஒரு சேதமும் இல்லை. பூஞ்சை மருந்தைக் கட்டியின் மேல் தடவினால் கட்டி பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால், வந்திருப்பது யார் என்று கேட்க வேண்டும்.

முதலில் வீட்டைப் பார்த்துவிடுவோம், பிறகு விருந்தாளிகளை. நம் கண்ணுக்குத் தெரியும் தோல் உயிருள்ளதே அல்ல. மேல் அடுக்கு முழுவதும் செத்த அணுக்கள். கெரட்டின் என்ற புரதத்தால் இறுகிப்போனவை. நகமும் முடியும் அதே கெரட்டின்தான். அடியிலிருந்து புதிய அணுக்கள் தள்ளிக்கொண்டு மேலே வர, பழையவை உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல்தோல் முழுக்கப் புதிதாகிவிடும். அதன் மேல் இலேசான அமிலத்தன்மை இருக்கிறது. கூடவே நமக்கு ஒரு தொந்தரவும் தராத பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அந்நியர்களுக்கு அவை சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை. இந்தச் சுவர் காய்ந்தும் விரிசல் இல்லாமலும் இருக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. நம் ஊரில் காய்ந்து இருப்பதுதான் கஷ்டம். கடற்கரையோரம், வியர்வை ஆறவே ஆறாத காற்று, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், துணி காயப் போட மொட்டை மாடி இல்லாத சந்து.

இதில் முதல் லாபம் பூஞ்சைக்கு.

படர்தாமரை என்ற பெயரை வைத்தவர் யாரோ, நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார். குளத்தில் தாமரை இலை விரிவதுபோல வட்டமாகப் படரும். வட்டம் ஏன்? பூஞ்சை தோலில் ஒரு புள்ளியில் விழுந்து, அங்கிருக்கும் கெரட்டினைத் தின்றுகொண்டே நாலாபுறமும் நகர்கிறது. இன்று எங்கே தின்றுகொண்டிருக்கிறதோ அந்த விளிம்பு சிவந்து, தடித்து, செதில் செதிலாக இருக்கும். அது கடந்துபோன நடுப்பகுதி தணிந்து, ஏறக்குறையச் சாதாரணத் தோல்போலத் தெரியும். பலர் நடுவில் மருந்தைக் குழைத்துப் பூசிவிட்டு விளிம்பை விட்டுவிடுகிறார்கள். ஆள் இருப்பது விளிம்பில். மருந்து அங்கேயும், அதைத் தாண்டி வெளியே ஓர் அங்குலம் வரையிலும் போக வேண்டும்.

அதற்குப் பிடித்த இடங்கள் தொடை இடுக்கு, அக்குள், மார்பின் அடிமடிப்பு, இடுப்பு. இடுப்பு என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு பொருளைச் சொல்ல வேண்டும்: அரைஞாண் கயிறு. குளிக்கும்போது நனைகிறது, துடைக்க யாரும் நினைப்பதில்லை, அது காய்வதற்குள் வியர்வை மீண்டும் நனைத்துவிடுகிறது. வருடக்கணக்கில் மாற்றாத கறுப்புக் கயிறு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பைச் சுற்றிக் கிடந்தால், பூஞ்சைக்கு அதைவிட வசதியான திண்ணை எங்கே கிடைக்கும்? அதற்கு மேல் இறுக்கமான ஜீன்ஸ். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றில் பாதி காய்ந்த உள்ளாடை. வீட்டுக்கு ஒரே தேங்காய்ப்பூத் துண்டு. அப்பாவுக்கு வந்தது அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து இடுப்புக் குழந்தைக்கு.

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓட்டுநராக இருக்கும் தம்பி ஒருவர் என் வாடிக்கையாளர். வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள், ரெக்சின் இருக்கையில், பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவர். மூன்று ஆண்டுகளில் நாற்பது டியூபாவது வாங்கியிருப்பார், என்னிடமும் மற்ற கடைகளிலும். நான் மேலே சொன்ன சுருட்டிய டியூப் அவருடையதுதான்.

அந்த டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் நான்கு பெயர்கள் இருக்கும். பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, இன்னொரு வகை நுண்ணுயிருக்கு ஒன்று. நான்காவது, க்ளோபெட்டசால். இது எந்தக் கிருமியையும் கொல்லாது. இது ஸ்டீராய்டு, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்கிறவை அல்ல. அதை விரட்ட நம் உடல் செய்யும் ஆர்ப்பாட்டம். ஸ்டீராய்டு அந்த ஆர்ப்பாட்டத்தை அடக்குகிறது. திருடனைக் கண்டு குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டால் தெரு அமைதியாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் அரிப்பு போய்விடும், சிவப்பு மங்கிவிடும். “உடனே கேட்கிறது” என்று சொல்வது இதைத்தான். பூஞ்சையோ தடுப்பார் இல்லாமல் தொடையிலிருந்து பிட்டத்துக்கும் இடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கும். டியூபை நிறுத்தினால் முன்னைவிட மோசமாக அரிக்கும். மறுபடியும் கடை, மறுபடியும் டியூப்.

சில மாதங்கள் இப்படிப் போனால் படர்தாமரை தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். வட்டம் கலைந்துபோகும், அல்லது வட்டத்துக்குள் வட்டமாக வரும். பார்க்கிறவர்களுக்கு அது பூஞ்சை என்றே தோன்றாது. 1968-இலேயே இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இந்த மாறுவேடத்தைப் பற்றி எழுதி, அதற்கு ‘அடையாளம் மறைத்த படை’ என்று பொருள்படும் லத்தீன் பெயரையும் வைத்துவிட்டார்கள். தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் பிரசவித்த பெண்ணின் வயிற்றில் வருவதுபோன்ற வரிகள் விழும். பூஞ்சை என்றாவது போய்விடும். அந்த வரிகள் முழுவதுமாகப் போவதில்லை. சிவப்பழகுக்கு என்று இதையே முகத்தில் பூசும் இளம்பெண்களின் கதை தனி. அதை இங்கே தொடங்கினால் கட்டுரை முடியாது.

ஒரு சிறிய எச்சரிக்கை. ‘க்ளோ’ என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. க்ளோட்ரிமசோல் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு. தொலைபேசியில் ஒன்றைச் சொல்ல இன்னொன்றை வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் என்று களிம்பில் ‘சோன்’ ஒட்டிய பெயர் இருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸிமா போன்ற நோய்களுக்கு இவை நல்ல மருந்துகள்தாம். மருத்துவர் இடம் பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுப்பார். பூஞ்சையின் மேல் பூசுவதுதான் தப்பு. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கடைகளில் என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பூஞ்சையைக் கொல்வது ஏன் இவ்வளவு சிரமம்? பாக்டீரியாவின் உடல் அமைப்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம் விலகியது. அதை மட்டும் குறிபார்த்து அடிக்க வழிகள் நிறைய உண்டு. பூஞ்சையோ உறவுமுறையில் நமக்கு நெருங்கியது. அதன் அணுவும் நம் அணுவைப் போலவே கட்டப்பட்டது. ஒரு முக்கிய வேறுபாடு, அணுவைச் சுற்றியுள்ள சவ்வு. நம் சவ்வில் கொழுப்புப் பொருளாக இருப்பது கொலஸ்டிரால். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால். இன்று நாம் பயன்படுத்தும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்த எர்கோஸ்டிராலைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஏதாவது ஒரு படியை முடக்குகின்றன. டெர்பினஃபின் ஒரு படியை, இட்ராகொனசோலும் ஃப்ளூகொனசோலும் வேறொரு படியை.

முன்பெல்லாம் டெர்பினஃபின் இரண்டு வாரம் சாப்பிட்டால் படர்தாமரை சொல்லிக்கொண்டு கிளம்பிவிடும். இப்போது அது பலருக்குக் கேட்பதில்லை. மருந்து போய்ப் பொருந்த வேண்டிய நொதியின் வடிவம் சில பூஞ்சைகளில் சற்றே மாறிவிட்டது. பழைய சாவி புதுப் பூட்டுக்குள் நுழைவதில்லை. அப்படிப்பட்ட ஓர் இனத்துக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். ‘இன்டோ’ என்றால் நாம்தான். 2023-இல் நியூயார்க்கில் இதே பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டபோது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே அறிக்கை வெளியிட்டது. உலக அரங்கில் நம் நாட்டின் பெயர் இப்படியும் ஒலிக்கிறது. சீட்டில்லாமல் விற்ற டியூப்களுக்கும் பாதியில் நிறுத்திய மாத்திரைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பது தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து.

பரிசோதனை மிக எளிது. வட்டத்தின் விளிம்பை மழுங்கிய கத்தியால் இலேசாகச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவார்கள். கெரட்டின் கரைந்துபோக, பூஞ்சையின் இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் நூல்நூலாகத் தெரியும். வலி இல்லை, ஊசி இல்லை, பெரிய செலவும் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனால் செய்துகொள்ளலாம். ஆனால் காலை வெளிநோயாளிகள் வரிசையில் நிற்க அரை நாள் கூலி போகும். டியூபுக்கு அது போகாது. மக்கள் ஏன் டியூபைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு அறியாமையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்கள் சொல்ல நேரமில்லாமல் விட்டுவிடும் இரண்டு செய்திகள். இட்ராகொனசோல் மாத்திரைக்கூட்டைச் சாப்பாட்டுக்குப் பின் உடனே விழுங்க வேண்டும். அது உடலில் சேர வயிற்றில் அமிலம் தேவை. நம்மில் பாதிப் பேர் காலையில் எழுந்ததும் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்கள். அமிலத்தைக் குறைத்துவிட்டு இதை விழுங்கினால் பணம்தான் செலவு. ஆகவே வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, படை மறைந்த அன்றைக்கே மருந்தை நிறுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும். மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் களிம்பு பூச வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவருக்கும் அதே காலத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பூஞ்சை வீட்டுக்குள்ளேயே வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்.

தேமலும் பூஞ்சைதான், ஆனால் சாது. எல்லோர் தோலிலும் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட், எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் கூடும்போது பெருகி, மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டுகளை உண்டாக்குகிறது. கீட்டோகொனசோல் ஷாம்புவைத் தடவிச் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். நிறம் திரும்ப மட்டும் மாதக்கணக்கில் ஆகும். மருந்து கேட்கவில்லை என்று அவசரப்பட வேண்டாம். குழந்தையின் கன்னத்தில் வரும் வெள்ளைத் திட்டு வேறு. வயிற்றில் பூச்சி இருந்தால்தான் அது வரும் என்று சொல்லும் ஆயாக்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டு, கன்னத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறேன். வறட்சிக்கு அது போதும்.

அடுத்தது காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்தில் மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய வலது கையை ஒரு நாள் கடைப் பலகையின் மேல் விரித்துக் காட்டினார். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே தோல் வெள்ளையாக, ஊறிப்போன அப்பளம்போல வெந்து, நடுவில் சிவப்பாகப் பிளந்திருந்தது. மூன்று விரல்களின் நகக்கண் உப்பி, நகத்தோடு ஒட்ட வேண்டிய தோல் விலகி நின்றது. விடியற்காலை முதல் மதியம் வரை ஐஸ் தண்ணீரிலும் மீன் நீரிலும் இருக்கிற கை. விரல் இடுக்கில் இருப்பது கேண்டிடா என்ற ஈஸ்ட். நகக்கண்ணில் நடப்பது நாள்பட்ட நகச்சுத்தி. அங்கே கிருமியைவிட ஈரம்தான் முதல் குற்றவாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் அவருக்கு வேலை குறையும், கையும் பாதி ஆறிவிடும். எந்த ஆய்வுக்கூட அறிக்கையும் தேவையில்லை. அந்த இரண்டு மாதமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ரப்பர் கையுறை போட்டால் மீன் வழுக்குகிறது, கத்தி பிடிக்க வரவில்லை என்கிறார். உள்ளே பருத்திக் கையுறை, மேலே மெல்லிய ரப்பர் என்று ஏதோ ஒரு வழி செய்துகொண்டிருக்கிறார். வேலை முடிந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்து மருந்து பூசுகிறார். அதற்கு மேல் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஒரே நாளில் விரல் நுனி சிவந்து, விண்விண் என்று தெறித்து, சீழ் கட்டினால் அது வேறு நகச்சுத்தி, பாக்டீரியாவின் வேலை. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிக்கொண்டு வருவார்கள். குளிர்ச்சிக்குச் சரி. சீழ் கட்டிவிட்டால் எலுமிச்சம்பழம் அதை வெளியே எடுக்காது. மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

மீன் முள் குத்திய விரலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பில், விளிம்பு தெளிவாகத் தெரியும் வீக்கம் வந்தால், மீன்களின் மேல் வாழும் எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குப் பென்சிலின் இன்றும் நன்றாகக் கேட்கும். குத்தியதே மறந்துபோய், சில வாரம் கழித்து அந்த இடத்தில் முடிச்சு ஒன்று எழும்பி, பிறகு கையில் மேல்நோக்கி வரிசையாக முடிச்சுகள் வந்தால், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒன்று உள்ளே போயிருக்கக்கூடும். அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை. இரண்டிலும் “மீன் வேலை செய்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

வேனல் கட்டிக்கு மாம்பழத்தைத் திட்டுவது நம் வழக்கம். மாம்பழமும் வியர்வையும் ஒரே பருவத்தில் வருகின்றன. மாம்பழத்தின் மேல் பழி விழுந்துவிட்டது. உண்மையில் அது முடி முளைக்கும் குழிக்குள் புகுந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. 1880-களில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, திராட்சைக் கொத்துப்போல இருக்கிறது என்று ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பெயரை வைத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கிறது. மூக்கை நோண்டிய விரலால் அக்குளைச் சொறிந்தால் குடி மாறிவிடும். கட்டியைப் பிதுக்காதீர்கள், சீழ் வெளியே வருவதைவிட உள்ளே போவது அதிகம். மேலுதட்டுக்கும் மூக்குக்கும் அருகில் வந்த கட்டியை விரலால் தொடவே வேண்டாம். அங்கிருக்கும் ரத்தக் குழாய்கள் மூளைக்கு அடியில் இருக்கும் குழாய்களோடு சேர்கின்றன. வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். கட்டி போய்ப் போய் வந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். என் கடையில் இப்படிக் கட்டிக்கு மருந்து கேட்டு வந்து, சர்க்கரை இருப்பதை அறிந்து போனவர்கள் பலர்.

“வீட்டில் அமாக்ஸிசிலின் இருக்கிறது, போடட்டுமா?” என்பது அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம். இந்தப் பாக்டீரியாவில் பெரும்பாலானவை பென்சிலின் வகையை உடைக்கும் நொதியைப் பல பத்தாண்டுகளாகவே வைத்திருக்கின்றன. தங்கைக்கு வந்த இருமலுக்கு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரையால் தம்பியின் கட்டி ஆறாது.

கட்டியைவிட எனக்குப் பயம் தருவது காலில் வரும் செல்லுலைட்டிஸ், தோலின் ஆழத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வடசென்னைத் தெருக்களில் தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு முதலில் சேற்றுப்புண் வந்தது. கால் விரல் இடுக்கில் சின்னப் பிளவு, அவ்வளவுதான். அந்தப் பிளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு. ராத்திரி குளிர் ஜுரம். காலையில் கணுக்காலுக்கு மேல் சிவந்து, சூடாகி, பளபளவென்று வீங்கிய கால். இதற்கு எந்த டியூபும் கிடையாது. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஓடுகிறதா என்பதை வைத்து மருத்துவர்கள் வேகத்தை அளப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பிளவு இருப்பதே தெரியாது. வெள்ளத்தில் நடந்து வந்த அன்று கால் விரல்களைப் பிரித்துப் பார்த்து, துடைத்துக் காயவிடுவது அவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

வைரஸில் அக்கியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நேரம் முக்கியம். சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் தூங்குகிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, அந்த ஒரு நரம்பின் பாதையிலேயே தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டதுபோல நீர்க்கொப்புளங்கள், நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளத்துக்கு முன்னாலேயே எரிச்சலும் வலியும் வந்துவிடும். மார்பின் இடப்பக்கம் வந்தால் மாரடைப்பு என்றே நினைத்துவிடுவார்கள்.

கொசப்பேட்டையில் குயவரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். காவிமண்ணைக் குழைத்துக் கோழி இறகால் கொப்புளங்களின் மேல் எழுதுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், மனத்துக்கும் ஆறுதல். அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. கொப்புளம் தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடுவதால் எழுதியதே கேட்டது என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் வைரஸைத் தடுக்கும் அசைக்ளோவிர் வகை மாத்திரைகளை, கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எழுதி முடித்து, மூன்று நாள் பார்த்துவிட்டு மருத்துவரிடம் வந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடுகிறது. தோல் ஆறிய பிறகும் சட்டை உரசினாலே துடிக்கிற நரம்பு வலி மாதக்கணக்கில் வயதானவர்களைப் படுத்தும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. அன்றைக்கே காட்ட வேண்டும். மருவும் பாலுண்ணியும்கூட வைரஸ்தான். பெரும்பாலும் தாமாகவே உதிரும். பிளேடால் அறுக்காதீர்கள், பரவும்.

நான்காவது ஆள், சிரங்கு உண்ணி. கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் உடல். 1687-இல் இத்தாலியில் போனோமோ, செஸ்டோனி என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து, இதுதான் சொறிசிரங்குக்குக் காரணம் என்று எழுதினார்கள். ஒரு நோய்க்கு இன்ன உயிர்தான் காரணம் என்று காட்டிய முதல் சான்றுகளில் அது ஒன்று. பெண் உண்ணி மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். உடம்பு முழுக்க அரித்தாலும் மொத்தத்தில் பத்துப் பதினைந்து உண்ணிகள்தாம் இருக்கும். ராத்திரியில் அரிப்பு கூடுவது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குக் குறியில் சிறு கொப்புளங்கள், வீட்டில் இன்னொருவரும் சொறிவது: இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம்.

முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் வைத்தியம் ஏன் தோற்கிறது என்பதும் புரியும். ஒரே பாயில் படுக்கும் ஆறு பேரில் இருவர் சொறிகிறார்கள் என்றால் மற்ற நால்வரும் அரிப்பில்லாமல் உண்ணியைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஆகவே பெர்மெத்ரின் களிம்பை ஒரே ராத்திரியில் ஆறு பேரும், கழுத்திலிருந்து கால் விரல் நுனி வரை, அரிக்கிற இடம் அரிக்காத இடம் என்று பார்க்காமல் பூசிக்கொண்டு காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டுப் பூசுங்கள். பாய்விரிப்பு, துணிமணிகளை வெந்நீரில் துவைக்கலாம். முடியாததைப் பையில் கட்டி நான்கைந்து நாள் மூடி வைத்தால் போதும், மனித உடம்பில்லாமல் உண்ணி அதிக நாள் பிழைக்காது. உண்ணி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும். அதைப் பார்த்துத் தினமும் களிம்பு பூசினால் தோல் எரிந்துவிடும்.

தேமல் என்று நினைத்து வருகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்று கேட்பேன்: அந்த இடத்தில் தொட்டால் தெரிகிறதா? வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டில் பஞ்சு உரசுவது தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். பூஞ்சைத் திட்டு மரத்துப்போவதில்லை. தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. பெயரைக் கேட்டு ஓடி ஒளிகிறவர்களுக்குத்தான் விரல்கள் மடங்குகின்றன.

லாரி ஓட்டுநர் தம்பியை விட்டுவிட்டேன். ஒரு நாள் டியூபைக் கொடுக்க மறுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஸ்டான்லியில் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெரிந்தன. ஸ்டீராய்டை நிறுத்திய முதல் பத்து நாள் தொடை நெருப்பாய் எரிந்தது. இப்படி ஆகும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்ததால் தாங்கினார். மாத்திரையும் வெறும் பூஞ்சைக் களிம்புமாக எட்டு வாரம், மனைவிக்கும் சேர்த்து. துண்டுகள் தனித்தனியாகிவிட்டன, லாரி இருக்கையின் மேல் இப்போது பருத்தித் துணி. அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. இடுப்பில் கயிறு இல்லாத பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். கடைசியில் தன் சீட்டுப் பணத்தில் வெள்ளி அரைஞாண் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். வெள்ளி தண்ணீரைக் குடிப்பதில்லை.